இறக்கையின் கீழ் வைத்த சந்தனம்

என் மகனுக்கு,

இந்தக் கடிதத்தைக் கதிரையில் இருந்து வாசி. நின்றுகொண்டு வாசித்தால் நடுவில் போனை எடுத்து என்னை அழைப்பாய். உன் குரலைக் கேட்டதும் நான் அழுவேன். நான் அழுதால் நீ சமாதானம் சொல்லத் தொடங்குவாய். சொல்ல வந்த விஷயம் தொண்டையிலேயே நின்றுவிடும். நமக்குள் இப்படிப் பல தடவை நடந்திருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். உன் அப்பா சுகமாக இருக்கிறார். என் முழங்கால் நோவு அதன் பாட்டில் இருக்கிறது. லிங்கநகரில் இன்னும் மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. சுகம் விசாரிக்கிற பகுதி இத்தோடு முடிந்தது.

ஆவணியில் வைத்திருந்த கலியாணத்தை "பிறகு பாப்பம்" என்று தள்ளிவிட்டாய். தர்சினியோடு நீ முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்றும், அவள் தன் தாயை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறாள் என்றும் எனக்குத் தெரியும். எல்லாம் அந்த விபத்தால் வந்தது. புல் ஓடுபாதையில் இறங்கும்போது உன்னுடைய சின்னப் பிளேன் வழுக்கிப் போய், வேலியை உடைத்துக்கொண்டு தண்ணீர் ஓடும் கானுக்குள் மூக்கைக் குத்தியது. அப்போது உன் பக்கத்தில் இருந்தவர் தர்சினியின் அம்மா புவனா. பிழை அவருடையது என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராக அந்த இடத்துக்குப் போக எனக்குத் துணிவு இல்லை. முதலில் என் குணத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நான் பொறாமைக்காரி. வேறு யாரும் உனக்குச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அயல்வீட்டுக்காரி புதுச் சங்கிலி போட்டால் எனக்கு ஒன்றும் இல்லை, வீடு கட்டினாலும் சந்தோசமாகப் போய்ப் பால் காய்ச்சக் கூடநிற்பேன். உன் விஷயத்தில் மட்டும்தான் இந்த வியாதி. நீ பாலர் வகுப்புக்குப் போன காலத்தில் ஒருநாள் வந்து, "ரீச்சர் தலை இழுத்தா நோகாது" என்று சொன்னாய். அவ்வளவுதான். மறுநாளில் இருந்து உன் தலையில் எண்ணெயைத் தாராளமாக வைத்து, பூப்போல வாரிவிட்டு, "இப்ப நோகுதா? ரீச்சரை விட நோகுதா?" என்று தினமும் கேட்டேன். ஒருநாள் நீ யோசித்துவிட்டு "ஓம்" என்றாய். சீப்பைத் தூக்கி எறிந்தேன். பிறகு தம்பலகாமத்தில் உன் சின்னம்மா வீட்டில் திருவிழாவுக்கு நின்றபோது, அவள் உனக்கு எருமைத் தயிரில் இனிப்புப் பாணி ஊற்றித் தந்தாள். நீ கோப்பையை வழித்து நக்கிவிட்டு "நான் இஞ்சயே இருக்கிறன்" என்றாய். தேர் பார்க்காமலே உன்னை இழுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் ஏறினேன். உன் சின்னம்மா பஸ் வரும்வரை றோட்டில் நின்று சிரித்தாள். "அக்கா, பிள்ளை தயிரைத்தானே கேட்டவன், என்னையா கேட்டவன்?" என்றாள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

பிளேன் பைத்தியம் உனக்கு இங்கேதான் பிடித்தது. சீனன்குடாப் பக்கம் இறங்கப் போகும் சின்னப் பிளேன்கள் உள்துறைமுகத்தின் தண்ணீருக்கு மேலால் தாழப் பறந்து போகும். பின்னேரங்களில் கடற்கரை வீதி மதிலில் உன்னை இருத்தி வைத்தால் கடலைச் சுருள் முடிந்தாலும் எழும்ப மாட்டாய். ஒவ்வொன்றும் மரங்களுக்குப் பின்னால் மறையும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாய். "இறங்கிட்டுது" என்று நீயாகவே சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவாய். அப்படி ஒரு பின்னேரம் நீ சொன்னாய்: "நான் பிளேன் ஓடேக்க முதல்ல உங்களைத்தான் ஏத்துவன் அம்மா. அப்பா ரெண்டாவது." அப்பா அந்தக் காலத்தில் பஸ் சாரதி. "எனக்கு அவசரமில்லை, நான் பஸ்ஸிலயே வாறன்" என்றார். நீ அதை மறந்திருக்கலாம். சின்னப்பிள்ளைகள் எத்தனையோ சொல்வார்கள். நான் மறக்கவில்லை. அந்த முதல் ஆசனத்தை இத்தனை வருடமும் எனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீ மெல்பேர்ணுக்குப் போய், வேலை எடுத்து, சனிக்கிழமைகளில் பறக்கப் பழகுகிறாய் என்று சொன்ன நாளில் இருந்து நான் போனில் பார்த்தது முழுக்கப் பிளேன் விபத்துத்தான். பெரிய பிளேன் இல்லை. உன்னுடையது போலச் சின்னது, அதுவும் புல்லில் இறங்குவது. ஒன்று ஈரப் புல்லில் சறுக்கிக்கொண்டே போய் மரத்தில் முட்டும். ஒன்றின் முன்சில்லு புல்லுக்குள் மறைந்திருந்த குழியில் இறங்க, அது குப்புறக் கவிழ்ந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கும். இன்னொன்றில் இறங்கும் நேரம் மாடு குறுக்கே வரும். உன் அப்பா தேத்தண்ணீரோடு வந்து எட்டிப் பார்ப்பார். "இதைப் பாத்து என்ன செய்யப்போறாய்? நீயா ஓடப்போறாய்?" என்பார். நான் அடுத்த விபத்தைத் தட்டுவேன். ஆபத்தையெல்லாம் நான் முதலே பார்த்து முடித்துவிட்டால் உனக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது என்று ஒரு எண்ணம். புல் நீளமாக இருந்தால் ஓட்டத்தைப் பிடித்து இழுக்கும், நனைந்திருந்தால் பிரேக் பிடிக்காது என்று நீ எனக்குச் சொல்லித் தந்தாய். "இறக்கம் சரிவராதெண்டு பட்டா திரும்ப மேல போயிடோணும் அம்மா, அதில வெக்கமில்லை" என்றாய். அந்தச் சொல் எனக்கு நிம்மதியாக இருந்தது.

புவனாவுக்கு வருகிறேன். அவர் வேற்றூர்க்காரி என்றால் எனக்கு இவ்வளவு எரியாது. இங்கே பக்கத்து இறக்கக்கண்டிப் பிறப்பு. பிரச்சினைக் காலத்தில் நாட்டை விட்டுப் போனவர் என்றாலும் இன்னும் எங்களைப் போலத்தான் கதைக்கிறார், எங்களைப் போலத்தான் சூடை மீனுக்குப் புளி விடுகிறார். வேறு ருசியில் சமைத்திருந்தால் நீ என் கறியை நினைத்துக்கொண்டு சாப்பிட்டிருப்பாய். அவரோ என் கறியையே அங்கே சமைத்து உனக்குப் போடுகிறார். "அம்மா, அச்சொட்டா உங்கட கறிதான்" என்று நீ என்னைச் சந்தோசப்படுத்த நினைத்துச் சொன்னாய். அன்றைக்கு நான் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. தர்சினி மேல் எனக்கு ஒரு துளி கோபம் கிடையாது, கேட்டுக்கொள். மருமகள் வருவாள் என்று எந்தத் தாயும் மனதை ஆயத்தம் செய்து வைத்திருப்பாள். இன்னொரு அம்மா வருவாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீயும் இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து அந்தப் பழைய பிளேனை வாங்கியபோது நான் வருவதாகத்தான் இருந்தது. முழங்கால் சத்திரசிகிச்சை குறுக்கே வந்தது. கலியாணத்துக்கே வருகிறேன், அதுவரை பொறு என்றேன். நீ பொறுக்கவில்லை. தர்சினிக்கு உயரம் போனால் தலை சுற்றும் என்றாய், அதனால் புவனா ஏறுகிறார் என்றாய், அதுவும் எனக்குத் தந்த சொல்லின் நினைவே இல்லாமல், மரக்கறி வாங்கப் போவது போலச் சாதாரணமாகச் சொன்னாய். நான் "நல்லம்" என்றேன். வயிறு பற்றி எரிந்தது.

புது வாகனம் என்றால் பூசை செய்யாமல் ஓட மாட்டோம், அதில் பிளேன் என்ன, பஸ் என்ன. முதற் பறப்புக்கு முந்தின பின்னேரம் புவனா எல்லாம் ஆயத்தப்படுத்தியிருந்தார். கற்பூரம் கொளுத்தக் கூடாது, எரிபொருள் நிற்கிற இடம் என்று பறப்புக் கிளப்காரர் சொல்லிவிட்டார்கள். தேங்காய் உடைக்கலாம், தேசிக்காய் வைக்கலாம், பூ வைக்கலாம். நீ வீடியோவில் என்னை எடுத்து, போனை புவனாவின் கையில் தந்தாய். மூன்று சில்லுக்கும் தேசிக்காய் வைத்து, நீ பிளேனைத் தள்ளி அதை நசித்தது, தேங்காய் உடைத்தது எல்லாம் பார்த்தேன். எனக்கும் கண் கலங்கியது. பிறகு நீ தேங்காய்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு கிளப்காரருக்குக் கொடுக்கப் போனாய். நானும் புவனாவும் பிளேனும்தான் மிச்சம்.

அப்போதுதான் வடிவாகப் பார்த்தேன். மூக்கில் சந்தனம், கதவில் சந்தனம், இரண்டு இறக்கையிலும், வாலிலும், சில்லுகளிலும், எல்லா இடமும் சந்தனமும் குங்குமமும். எல்லாம் அவருடையது. அங்கே கடையில் வாங்கிய தூளைக் குழைத்து வைத்தது. நான் கோயிலில் அர்ச்சனை செய்து, ஆள் பிடித்து அனுப்பிய சந்தனக் கட்டி என்னவாயிற்று? கேட்டேன். "இருக்கு அக்கா, இஞ்ச பையுக்குள்ள இருக்கு. தம்பி வந்தாப் பிறகு உங்கட பேரில வைப்பம் எண்டு வைச்சிருக்கிறன்" என்றார். எனக்கு அந்த "உங்கட பேரில" பிடிக்கவில்லை. "எங்க வைக்கப்போறீங்க? இடம் ஒண்டும் இல்லையே" என்றேன். அவர் போனைக் கொண்டு பிளேனைச் சுற்றி வந்தார். இடது இறக்கைக்குக் கீழே விரல் போல ஒரு சின்னக் குழாய் முன்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. அதில் மட்டும் அவர் கை படவில்லை.

"அந்தக் குழாயில வையுங்கோ" என்றேன். "நுனியில, நல்லாத் தடிப்பா வையுங்கோ. தெரிய வேணும்." புவனா தயங்கினார். "இதில வைக்கலாமோ தெரியேல்ல அக்கா. தம்பி வரட்டும், கேப்பம்" என்றார். அந்த இடத்தில் என் வாயை யாராவது பொத்தியிருக்கலாம். "கடவுளுக்கு வைக்கிற சந்தனத்துக்கு ஏன் தம்பியைக் கேக்கோணும்? என்ர பிள்ளையின்ர பிளேனில ஒரு பொட்டு வைக்க எனக்கு உரிமை இல்லையா?" என்றேன். இப்படிக் கேட்டால் யார்தான் என்ன செய்வார்? கட்டியை உரைத்துக் குழைத்தார். என் சொல்லுக்கு அவருடைய விரல் போனது. குழாயின் நுனியில் உருண்டையாக, மஞ்சளாக, நான் கேட்டபடி தடிப்பாக வைத்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

நீ திரும்பி வந்ததும் செய்த முதல் வேலை அதைத் துடைத்ததுதான். சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து அழுத்தித் துடைத்துவிட்டு, "மாமி, இது காத்தைப் பிடிச்சு வேகம் காட்டுற குழாய், இதில ஒண்டும் படக்கூடாது" என்று சிரித்தாய். புவனா போனைப் பார்த்தார். நான் புவனாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அத்தனை பொட்டையும் விட்டுவிட்டு என்னுடையதை மட்டும் என் கண்முன்னே துடைத்தாய் என்பதுதான் அந்த நேரம் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. குழாய்க்கு ஒரு துவாரம் இருக்கிறது, அதற்குள் சந்தனம் போயிருக்கும் என்ற நினைவு எனக்கு வரவில்லை. வெளியைத் துடைத்த உனக்கும் வரவில்லை. பின்னேர வெயிலில் அது உள்ளே காய்ந்திருக்கிறது.

மறுநாள் காலையில் நடந்ததை நீ எனக்கு மூன்று தரம் சொல்லிவிட்டாய், ஆனாலும் நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன். குழாய் முழுக்க அடைபட்டிருந்தால் வேகம் காட்டும் முள் அசையாமல் நின்றிருக்கும், நீ எழும்பியிருக்க மாட்டாய். பாதி அடைபட்டதால் வேகத்தைக் குறைத்துக் காட்டியது. இறங்க வரும்போது முள் குறைவாக நிற்க, இன்னும் மெதுவானால் விழுந்துவிடுவேன் என்று பயந்து எஞ்சினைக் கூட்டினாய். உண்மையில் பிளேன் ஏற்கெனவே வேகமாக வந்துகொண்டிருந்தது. அது நிலத்தில் இருக்க மாட்டேன் என்று பாதி ஓடுபாதைக்கு மிதந்துகொண்டே போனது. சில்லு புல்லில் பட்டபோது முன்னால் இடம் இல்லை. புல் முழுக்கப் பனி. பிரேக்கை மிதித்தாய், சில்லு நின்றது, பிளேன் நிற்கவில்லை. அப்பா கேட்டுவிட்டு, "ஈரப் புல்லில பிரேக் அடிக்கிறதும் ஒண்டு, சவுக்காரத்தில நடக்கிறதும் ஒண்டு" என்றார். வேலிக் கம்பி அறுந்தது, முன்சில்லு கானில் இறங்கியது, மூக்கில் சுற்றும் விசிறி நிலத்தில் குத்தி வளைந்தது. உன் புருவத்தில் ஒரு வெட்டு. புவனாவுக்கு மணிக்கட்டு உடைந்தது. முன்னால் ஊன்றாமல் குறுக்கே நீட்டி உன் நெஞ்சைப் பிடித்த கை அது என்று நீயே சொன்னாய்.

இதைக் கேட்டதும் ஒரு தாய்க்கு என்ன வர வேண்டும்? பிள்ளை பிழைத்தான் என்று நெஞ்சு ஆற வேண்டும், அந்த மனுசிக்கு நன்றி வர வேண்டும். இரண்டும் வந்தன, பொய் சொல்லவில்லை. சாமித்தட்டுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். ஆனால் எழும்பும்போது மூன்றாவதாக ஒன்றும் வந்தது. அந்தக் கதிரையில் நான் இருந்திருக்க வேண்டும். அந்தக் கை என்னுடையதாக இருந்திருக்க வேண்டும், உடைந்த எலும்பு என் எலும்பாக இருந்திருக்க வேண்டும். என் பிள்ளை விழப்போன நேரம் அவன் நெஞ்சைப் பிடித்தது வேறொருத்தி. ஒரு விபத்தின் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா மகன்? நான் பட்டேன்.

பிறகு கிளப்பில் ஒருவர் அந்தக் குழாயைக் கழற்றி, காய்ந்த சந்தனத்தை ஊசியால் தோண்டி எடுத்திருக்கிறார். யார் அதில் வைக்கச் சொன்னது என்று நீ கேட்டபோது புவனா, "நான்தான் தம்பி வைச்சனான், வடிவா இருக்குமெண்டு" என்று சொல்லிவிட்டார். நீ அன்றைக்கு எனக்குப் போன் எடுத்து, "விசர் மனுசி அம்மா, சின்னப்பிள்ளை மாதிரி ஆசைக்கு வைச்சிருக்கிறா. இனி பிளேனுக்குக் கிட்ட வரப்படாதெண்டு சொல்லிப்போட்டன்" என்றாய். இறக்கைக்குக் கீழே தொங்குகிற குழாய் என்று நீ சொன்ன உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. "அது நான் சொல்லித்தான்" என்பது வாய்வரை வந்தது. ஆனால் உன் குரலில் அவர் மேல் இருந்த கோபம் எனக்கு இனித்தது. இத்தனை நாளும் மாமி மாமி என்று போன பிள்ளை முதன்முறையாக அவரைக் குறை சொல்லி என்னிடம் வந்திருக்கிறான். வந்தவனைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. "சரி விடு ராசா, வயசு போனா அப்பிடித்தான்" என்றேன். அவர் என்னைவிட இளையவர்.

தர்சினி தாயின் பக்கம் நின்றாள், நீ வீம்பு பிடித்தாய், கலியாணம் தள்ளிப் போனது. அதுவும் எனக்கு முதலில் வருத்தமாக இருக்கவில்லை. நீ ஒரே நாளில் இரண்டு முறை எடுத்தாய். என்ன சாப்பிட்டாய் என்றால் கடைச் சாப்பாடு என்றாய். எனக்கு உன்னைத் திரும்பத் தந்துவிட்டார்கள் என்று இருந்தேன். ஆனால் நாள் போகப் போக உன் கதை சுருங்கியது. நான் கேட்பேன், நீ "ம்" என்பாய். பறக்கப் போகவில்லையா என்றால் மனமில்லை என்பாய். அப்பாதான் ஒருநாள் சோறு பிசைந்துகொண்டே சொன்னார்: "அண்டைக்கு நீ போனில கதைச்சதை நான் குசினிக்குள்ள இருந்து கேட்டனான்." நான் திடுக்கிட்டு, "எதை?" என்றேன். "தம்பியைக் கேக்கத் தேவையில்லை எண்டதை. ரசத்தை இஞ்சால தள்ளு." இந்த மனுசனோடு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தும், திட்டாமல் திட்டுகிற அந்த வித்தைக்கு எனக்கு இன்னும் மருந்து தெரியாது.

அதோடும் நான் எழுதியிருக்க மாட்டேன். போன வெள்ளிக்கிழமை புவனா போன் எடுத்தார். வழமையான சுகம் விசாரிப்பு. மணிக்கட்டில் போட்ட கட்டை அவிழ்த்துவிட்டார்கள், விரல் இன்னும் மடங்குதில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, நீங்க ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நான் சொல்ல மாட்டன்" என்றார். நான் தெரியாதவள் போல, "எதை?" என்றேன். "என்னில கோவிச்சா ஆறிடும் அக்கா. நான் பிறத்தியாள்தானே. தாயில பிழை எண்டு பிள்ளைக்கு ஒருக்காப் பட்டுதெண்டா அவன் எங்க போய் ஆறுவான்? தர்சினிக்கும் சொல்லேல்ல. உங்களோட, என்னோட போகட்டும்" என்றார். எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் வந்தது: என்னைக் கடன்காரி ஆக்கத்தான் இந்த நல்லபிள்ளைத்தனமோ என்று. ஆனால் அந்தக் குரலில் அப்படி ஒன்றும் இல்லை. உண்மையாகவே உனக்காகத்தான் சொன்னார். உன்னை நினைத்து, நீ ஆற ஒரு இடம் வேண்டும் என்று நினைத்து, தன் மகளின் கலியாணம் தள்ளிப் போவதையும் பொறுத்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறார். நான் உன்னை நினைத்தா வாயை மூடினேன்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அவரோ என் குஞ்சைப் பொன்குஞ்சாக வைத்திருக்கிறார். போனை வைத்த பிறகு எனக்கு வந்ததுபோன்ற பொறாமை என் சீவியத்தில் வந்ததில்லை.

ஆகவே நடந்தது இதுதான். சந்தனம் நான் அனுப்பியது. அந்தக் குழாயில் வைக்கச் சொன்னது நான். உன்னைக் கேட்பம் என்று அவர் சொன்னபோது வேண்டாம் என்று மறித்ததும் நான். நீ துடைக்கும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததும் நான். அவரிடம் போய்ச் சொல், அம்மா எழுதிவிட்டா என்று. தர்சினியிடமும் மறைக்காதே. எனக்கு வெட்கம்தான், ஆனால் கலியாண வீட்டில் உன் மாமியின் பக்கத்தில் நிற்கும்போது இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது.

புத்தி சொல்லும் தகுதி இப்போது எனக்கு இல்லை, என்றாலும் தாய் கடிதம் எழுதிவிட்டுப் புத்தி சொல்லாமல் விட்டால் நீயே நம்ப மாட்டாய். பிளேனுக்குக் கிட்ட யார் எதை வைத்தாலும், அம்மா வைத்தாலும், கடவுள் பேரால் வைத்தாலும், உன்னைக் கேட்காமல் வைக்க விடாதே. வீட்டுக்கும் அதையே சொல்கிறேன். நாளைக்கு உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் எங்கிருந்தாவது ஒரு பொட்டு வைக்கப் பார்ப்பேன், என் குணம் எனக்குத் தெரியும். தர்சினியைக் கேட்காமல் அதை ஏற்றுக்கொள்ளாதே. இன்னொன்று, கோபிக்காமல் கேள். அன்றைக்கு உனக்கும் பங்கு உண்டு. புல் உனக்குக் கீழே வேகமாக ஓடியதை நீ கண்டாய், பிளேன் இருக்க மாட்டேன் என்றதையும் கண்டாய், ஆனாலும் மேலே போகவில்லை. பக்கத்தில் மாமி இருக்கிறா, முதல் இறக்கத்தையே சரிவராமல் விட்டால் என்ன நினைப்பா என்று பார்த்தாய். நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும், நீ என் பிள்ளை. அந்தப் பங்கின் பாரம் தாங்காமல்தான் முழுவதையும் அந்த மனுசியின் தலையில் போட்டாய். போய்ப் பிளேனைத் திருத்து. ஒரு நல்ல காலையில், புல் காய்ந்த பிறகு, அவரையே ஏற்றிக்கொண்டு போய்ப் பத்திரமாக இறக்கு. எனக்கு அந்த நேரம் போன் எடுக்காதே, என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.

அவர் உனக்குச் சோறு போட்டார், சரி. எனக்குச் சொன்ன ஆசனத்தில் அவர் இருந்தார், அதுவும் போகட்டும். நான் பிடிக்க வேண்டிய நெஞ்சைப் பிடித்துக் கையையும் உடைத்துக்கொண்டார், அதற்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவள். ஆனால் உன் கோபத்தை மட்டும் அவரிடம் விட்டுவைக்க மாட்டேன். அது எனக்கு வர வேண்டியது. என்னோடு கோபி. ஒரு மாதமோ, ஒரு வருடமோ கதைக்காமல் இரு, கிடந்து அழுதாலும் பொறுத்துக்கொள்வேன். அதையும் நீ அவருக்கே கொடுத்துவிட்டால், பெற்றவள் என்று நான் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

உன் அம்மா